முதலுதவிப் பரீட்சை

"அப்படியே கெடங்க சார். கண்ணைத் தொறந்துடாதீங்க, சூப்பரா பண்றீங்க" என்று கீழே விழுந்து கிடந்தவரின் காதில் கிசுகிசுத்தான் கதிர்வேல்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் காலை பத்து மணிக்கே வெயில் கொளுத்தியது. வேட்டி கட்டிய அந்த ஆள் காஞ்சிபுரம் பஸ்ஸை விட்டு இறங்கி, நாலடி நடந்து சரிந்ததை எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் முதலுதவித் தொண்டன் கதிர்வேல்தான் முதலில் பார்த்தான். ஓடி வரும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. இது பரீட்சை!

சிறந்த முதலுதவித் தொண்டர் விருது இரண்டு வருடமாகத் திருப்புலிவனம் தேவகிக்கே போய்க்கொண்டிருந்தது. இந்த முறை விருதுக் குழுவிலிருந்து ஓர் ஆள் வந்து, மயங்கி விழுவதுபோல் நடித்துத் தொண்டர்களைச் சோதிக்கப் போவதாக முந்தாநாள்தான் தகவல் கசிந்திருந்தது. அன்றிலிருந்து யாராவது விழுவார்களா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான் கதிர்வேல்.

"ஒண்ணு, சுத்தி ஆபத்து எதுவும் இல்ல! ரெண்டு, தோளைத் தட்டிக் கூப்புடறேன்! மூணு, மூச்சு கீதான்னு பாக்கறேன்!" என்று விழுந்தவர் காதில் விழும்படி உரக்கச் சொல்லிச் சொல்லிச் செய்தான்.

மூச்சு இல்லை. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. 'மேக்கப் வேற போட்டுக்கினு வந்துகீறாரு. மூச்சை இன்னாமா அடக்கறாரு மனுஷன்!' என்று வியந்துபோனான்.

"யோவ், அந்தாளு போயிடுவாரு போல கீது. நீ இன்னாய்யா பாடம் நடத்திக்கினு கீறே?" என்று கத்தினாள் பூக்கடை ராணியம்மாள்.

"குறுக்க பேசாதக்கா, மார்க் போயிடும். நூத்தியெட்டுக்கு போன் போடு!"

இரண்டு கையையும் கோத்து, நெஞ்சின் நடுவில் வைத்து அமுக்கத் தொடங்கினான். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. பாதியில் விட்டால் விருது தேவகிக்குப் போய்விடும் என்ற பயத்தில் எண்ணிக்கை தவறாமல் அமுக்கினான். பதினோராவது நிமிடம் ஆம்புலன்ஸ் வந்தது.

"கரெக்டா பண்ணிகீறீங்க" என்றார் அதிலிருந்து இறங்கியவர். இவரும் குழுவோட ஆள்தான் என்று நினைத்துக்கொண்டான் கதிர்வேல்.

மூன்று நாள் கழித்து, நடித்தவர் இன்னும் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார் என்று தெரிந்தது. விலா எலும்பை உடைத்துவிட்டோமோ? சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஓடினான்.

"சார், கொஞ்சம் வேகமா அமுக்கிட்டேன். மார்க்குல கொறைச்சுடாதீங்க."

"இன்னா மார்க்குபா?" என்றார் கட்டிலில் கிடந்தவர். "நான் தாமல் கிராமத்துல பயிர் வெக்கறவன், பேரு வெங்கடேசன். மவ வூட்டுக்குன்னு வந்தேன். பஸ்ஸுலயே நெஞ்சு அடைச்சிக்கிச்சு."

அவர் மனைவி ஆண்டாளம்மாள் கதிர்வேலின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ இல்லைன்னா இவரு இல்ல, நைனா."

நடந்தது பரீட்சை இல்லை என்று கதிர்வேலுக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார்.

"நான் நமச்சிவாயம், விருதுக் குழு. சேதி கேட்டுத்தான் இவரைப் பாக்க வந்தேன். ஒரு உசுரைக் காப்பாத்திகீறே, பெரிய விஷயம்பா. ஆனா விருது இந்த வருஷமும் தேவகிக்குத்தான்."

கதிர்வேல் துள்ளி எழுந்தான். "இன்னா சார் அநியாயம் இது! எனக்கு இன்னும் டெஸ்ட்டே வெக்கலியே?"

"பத்து நாளைக்கு முன்னாடியே வெச்சுட்டேன். 'காலையிலயே குடிச்சுட்டு வந்து வுளுந்து கெடக்கறான் பாரு'ன்னு திட்டிக்கினே தாண்டிப் போயி கடை ஷட்டரைத் தொறந்தியே, அது நான்தாம்பா!"