வான்கப்பல் தண்டையலின் வழக்கு

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கோ. அந்தப் பக்கம் இருந்தால் பாதிக் கதையைக் காற்றுக் கொண்டுபோய்விடும்.

தோணியும் போய், ஆட்களும் போய், தண்டையல் மட்டும் உயிரோடு திரும்பி வந்தால் ஊர் என்ன சொல்லும்? தோணியை நடத்துகிற தலைவனைத்தான் தண்டையல் என்கிறோம். கடைசியாக இறங்க வேண்டியவன் அவன்.

தொண்டைமானாற்றுக்கு அங்காலே ஒரு கரையூர். அங்கே மார்க்கண்டர் அப்படித்தான் தனியே வந்து சேர்ந்தார். நாகபட்டினத்துக்குப் போன தோணி, கார்த்திகைப் புயலில் அடிபட்டுப் போயிற்று.

"உவன் மட்டும் ஏன் வந்தவன்? உவனுக்குக் கடல் வழி விட்டதோ?" என்று கேட்டார் சோமசேகரத்தார். அந்த ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

சுக்கான் பிடித்த அருளம்பலமும் அந்தத் தோணியோடு போய்விட்டான். அவன் பெண்சாதி இராசமலருக்குத் தாலி ஏறி ஒரு மாரிகூட முழுதாய்க் கழியவில்லை.

"அந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பாக்க எனக்கு வயிறு எரியுது. அவளுக்காகவெண்டாலும் உவனோடை ஒருத்தரும் கதைக்கக்கூடாது!" என்று கட்டளை போட்டார் சோமசேகரத்தார்.

கதைக்கவில்லை. கலியாணம், செத்தவீடு ஒன்றுக்கும் அவருக்குச் சொல்லவில்லை. மார்க்கண்டர் வாய் திறந்தால் இருந்தவர்கள் எழும்பிப் போனார்கள். மனுசன் மெலிந்து மெலிந்து, ஊரை விட்டே போகிறேன் என்று மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்.

அந்த நேரம்தான் கூத்து வந்தது. யுத்த காலம். கரையோரத்தில் இரவில் வெளிச்சம் காட்டக்கூடாது என்று கட்டளை. அதனால் பின்னேரமே ஆடினார்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் முருகேசு பழைய ராசா கதைகளை விட்டுப் புதுக்கதை ஒன்று கட்டியிருந்தார். சந்திரலோகத்துக்குப் பறக்கிற கப்பல்!

"அங்கை மீன் படுமோ, அண்ணாவியார்?" என்று கேட்டான் ஒருவன்.

"காத்தே இல்லையாமடா. மீன் என்னெண்டு இருக்கும்? அதுதானே தண்டையலுக்குத் தலையிலை தகரம்."

மண்ணெண்ணெய்த் தகரத்தில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வான்கப்பல் தண்டையல் மேடைக்கு வந்தான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. உள்ளே நிற்பது அண்ணாவியாரின் மருமகன் தம்பிராசா என்று எல்லாருக்கும் நினைப்பு.

ராசா வேசத்தில் அண்ணாவியார் கேட்டார்:

"கப்பல் எங்கை?"

"உடைஞ்சு போச்சு, ராசா." தகரத்துக்குள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"ஆக்கள்?"

"போயிட்டினம்."

"நீ மட்டும் ஏன் வந்தாய்?"

சிரிப்பு நின்றது.

"நான் வரேல்லை, ராசா. அனுப்பினவை. எனக்குக் காய்ச்சல், எழும்ப ஏலாது. சுக்கான் பிடிச்சவன் மிஞ்சின ஒரு பலகையிலை என்னைத் தூக்கிக் கட்டினான். 'நான் கிடக்கிறன், நீ போடா' எண்டன். 'இல்லை அண்ணை, ஆராவது போய்ச் சொல்லோணும். இல்லாட்டி எங்கடை பெண்டுகள் சாகுமட்டும் கரையைப் பாத்துக்கொண்டு நிப்பினம்' எண்டான்."

வானத்தில் ஏது பலகை என்று ஒருவரும் கேட்கவில்லை.

"பிறகு?"

"சொல்ல வந்தன், ராசா. கேக்க ஆளில்லை."

பெண்கள் பக்கம் விம்மல் கேட்டது. ராசா சனத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"சபையோரே! கப்பலைத் துலைச்ச இந்தத் தண்டையலுக்கு என்ன தண்டனை?"

சோமசேகரத்தார் துள்ளி எழும்பினார். சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

"தண்டனையோ? நீயும் ஒரு ராசாவோ? செத்தவன்ரை சொல்லைச் சுமந்துகொண்டு வந்த மனுசனை நிப்பாட்டி வைச்சு விசாரணையோ வைக்கிறாய்? விடடா அவனை!"

"ஓம்! விடு, விடு!" என்று ஊரே கத்தியது.

"இது சபையின்ரை தீர்ப்போ?"

"சன்னிதி முருகன் ஆணை, தீர்ப்புத்தான்!" என்றார் சோமசேகரத்தார்.

ராசா போய்த் தகரத்தைத் தூக்கினார். உள்ளே மார்க்கண்டர். கன்னம் நனைந்திருந்தது.



சோமசேகரத்தார் அண்ணாவியார் பக்கம் திரும்பினார். "கூத்து வேறை... ஊர் வேறை. இராசமலருக்கு நாங்கள் என்ன பதில் சொல்லுறது? ஆரின்ரை வேலை இது, அண்ணாவியார்?"

"அவளைத்தான் கேளுங்கோ. மருமகனை இருத்திப்போட்டு இவரை ஏத்தச் சொன்னது அவள்தான்."

பெண்கள் பக்கத்திலிருந்து இராசமலர் எழும்பிச் சோமசேகரத்தார் முன்னால் வந்து நின்றாள்.

"மார்க்கண்டர் அண்ணை வந்த கிழமையே எனக்கு எல்லாம் சொல்லிப்போட்டார், மாமா. நான் உங்களிட்டைத்தான் ஓடி வந்தன். 'நீ அழு பிள்ளை, ஞாயத்தை நாங்கள் பாக்கிறம்' எண்டியள். நான் சொல்லக் கேக்கேல்லை. தகரம் சொல்லக் கேட்டியள்."



அவள் அதோடு விடவில்லை. கூத்துப் பார்க்க வந்த சனத்துக்கெல்லாம் ஒடியல் கூழ் காய்ச்சி மேடைக்குப் பின்னால் வைத்திருந்தாள். பனையோலையில் கோலின பிளா ஒன்றில் வார்த்து மார்க்கண்டரிடம் நீட்டினாள். குடித்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

பிறகு இன்னொரு பிளாவை நிறைய வார்த்து, அதையும் அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இதை மாமாவுக்கு நீங்களே குடுங்கோ, அண்ணை."