பதம் பார்க்க வந்த கத்தி

விரித்த சவரக்கத்தியை அவள் நீட்டியதும் சலூனுக்குள் பேச்சு அப்படியே நின்றது.

நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்த தையல்காரர், கண்ணாடி வழியாக அந்தக் கத்தியைப் பார்த்தார். கழுத்தை மெதுவாகத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே. எனக்காக எதையும் மூடி மறைக்க வேண்டாம்," என்றாள் அவள்.

"முதல்ல அதை மடக்கும்மா," என்றார் சலூன்காரர். "அப்புறமா என்ன உண்மை வேணும்னு கேளு."

எதிர்ச் சாரியில் இருக்கும் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் அவள். தினமும் பார்க்கிற முகம்தான் என்றாலும், சலூனுக்குள் அவள் காலெடுத்து வைத்தது அன்றுதான்.

"எங்க அப்பாவுக்காக ஆன்லைன்ல வாங்கினேன். வெலை ரொம்பக் கம்மி. ஆனா வாங்கினவங்க எல்லாம் ஆஹா ஓஹோன்னு எழுதியிருக்காங்க. இதோட லட்சணத்தை நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

"இந்தக் காலத்துலயும் உங்கப்பா கத்தியிலயா மழிக்கிறாரு?"

"லாரி ஓட்டினப்போ சைடு கண்ணாடியைப் பார்த்தே மழிச்சவருண்ணே. ஒரு கீறல் விழுந்ததில்ல. அடுத்தவங்க கை கன்னத்துல படறதுக்கே விடமாட்டாரு. புதுக் கத்தி வாங்கித் தரலன்னு என்கூடப் பேசறதையே நிறுத்திட்டாரு."

சலூன்காரருக்கு முகம் தெரியாத அந்த மனிதர் மேல் மரியாதை வந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு கத்தியை வாங்கினார்.

"அப்போ என் முகம்?" என்றார் தையல்காரர்.

"அது எங்க போயிடப் போகுது, இருங்க."

விரல் நகத்தால் கத்தியை ஒரு சுண்டு சுண்டிக் காதருகே வைத்தார். "நல்ல எஃகுன்னா கிண்ணுன்னு காதுல நிக்கணும். இது தகர டப்பா மாதிரி டக்குன்னு அடங்கிப்போகுது."

பிறகு கண்ணாடிப் பலகை மேல் கத்தியைப் படுக்க வைத்தார். ஒரு முனையைத் தொட்டதும் மறுமுனை எழுந்தது. "முதுகும் கூரும் ஒண்ணா உட்காரணும். இது ஊஞ்சல் ஆடுது."

அவள் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. "பார்க்க எப்படிண்ணே இருக்கு? கையில எடுத்தா அசல் கத்தி மாதிரித் தோணுதா?"

"பார்வைக்கு ராஜா வீட்டுக் கத்திதான். பிடியில பளபளப்பு, முதுகுல பூவேலை, கனமும் சரியாத்தான் வெச்சிருக்கான். மாப்பிள்ளை அலங்காரத்துக்குக் குறைச்சலே இல்ல."

"கனமும் சரியா இருக்கில்ல?" என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள்.

சலூன்காரர் கத்தி தீட்டும் தோல்வாரில் அதை நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் தன் முன்கையில் வைத்து வழித்தார். முடிகள் பணிவாகக் குனிந்து வழிவிட்டன. கத்தி கடந்துபோனதும் பழையபடி நிமிர்ந்துகொண்டன.

"என் கத்தரிக்கோலே இதைவிட நல்லா மழிக்கும்யா," என்றார் தையல்காரர்.

"படுமோசம்மா," சலூன்காரர் தீர்ப்புச் சொன்னார். "எழுதினவன் எவனும் மழிச்சுப் பார்த்திருக்க மாட்டான். பேசாம திருப்பி அனுப்பிடு."

"நுரையை வழிக்குமாண்ணே?"

"நுரையா? அதைக் கரண்டிகூடத்தான் வழிக்கும்."

"அது போதும்," என்றாள். முகம் மலர, கத்தியைத் தடவிப் பார்த்து அதன் பெட்டியில் வைத்தாள்.

சலூன்காரருக்குச் சுருக்கென்றது. மேஜை இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த தன் சொந்தக் கத்தி ஒன்றை எடுத்தார். விரித்ததும் டியூப்லைட் வெளிச்சம் அதன் விளிம்பில் ஒரு கோடாக ஓடியது.

"இதை எடுத்துட்டுப் போம்மா. காசெல்லாம் வேண்டாம். ஓடற பொழப்புல சைடு கண்ணாடியைப் பார்த்து மழிச்ச மனுஷன். அவரு கையில அந்தத் தகரத்தைக் குடுக்காத. எனக்கே மனசு கேக்கல."

அவள் அந்தக் கத்தியைத் தொடவில்லை. ஓரடி பின்னால்கூட நகர்ந்துகொண்டாள். பிறகு தன் பெட்டியையே மறுபடி அவர் பக்கம் தள்ளினாள்.

"இன்னொரு உதவி செய்வீங்களாண்ணே? இதுல மிச்சம் மீதி இருக்கிற கூர்மையையும் கல்லுல தேய்ச்சு எடுத்துடுங்க. முனையும் உருண்டையா இருக்கட்டும்."

சலூன்காரர் தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் சலூன்காரரைப் பார்த்தார்.

"கூர் ஏத்திக் குடுன்னுதாம்மா இதுவரைக்கும் எல்லாரும் வந்திருக்காங்க," என்றார் சலூன்காரர். "இப்படி ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்ல."

தையல்காரரால் பொறுக்க முடியவில்லை. கன்னத்தில் காய்ந்துகொண்டிருந்த நுரையோடு நாற்காலியைச் சுழற்றித் திரும்பினார். "மழிக்காத கத்தியாத் தேடி வாங்கி, இருக்கிற கூர்மையையும் எடுக்கச் சொல்ற. பெத்த அப்பன் மேல அப்படி என்னம்மா கோபம் உனக்கு?"

"கோபமா?" என்றாள். சலூன்காரரின் விரல்களுக்கிடையில் அசையாமல் நின்ற அந்த நல்ல கத்தியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு இப்போ கை நடுங்குதுண்ணே."