அசையாத கூண்டு

கறிக்கடைக் கூண்டுக்குள் கை நுழைந்ததும் கோழிகள் எல்லாம் படபடவென்று சிறகடித்தன. செவலைக் கோழி மட்டும் கண்ணை மூடி, மூச்சு போய்வருவதைக் கவனித்தபடி அசையாமல் இருந்தது.

"அது சீக்குக் கோழி, வேற குடுங்க" என்றாள் கறி வாங்க வந்தவள்.

"எப்படிக்கா தப்பிச்சே?" என்றது வெள்ளைக் கோழி.

"மூச்சைப் பாரு. மனசு அடங்கிட்டா எந்தக் கையும் கிட்ட வராது" என்றது செவலை.

மறுநாள் காலை இருபது கோழிகளும் கண்மூடி அசையாமல் இருந்தன. செவலைக்கு உள்ளம் குளிர்ந்தது.

கூண்டைப் பார்த்த கடைக்காரர் தலையில் கைவைத்தார். "போச்சு, எல்லாத்துக்கும் நோய் வந்துடுச்சு!" பின்பக்கம் போய்க் குழி தோண்டிவிட்டுச் சாக்கோடு வந்தார்.

சாக்குக்குள் வெள்ளைக் கோழி கேட்டது: "அக்கா, இப்பவும் மூச்சைத்தான் பார்க்கணுமா?"

செவலை முதல்முறையாகச் சிறகடித்தது.