முனை திரும்பினால் ஒரு ஹார்ன்

அப்பாவின் பச்சை ஸ்போர்ட்ஸ் கார் இங்கிலாந்தில் பிறந்தது. ஆனாலும் மழை பெய்தால் கிளம்பாது. அதில் இரண்டே இருக்கைகள். அப்பாவும் அம்மாவும் ஏறிக்கொள்வார்கள், நான் பின்னாலிருந்து சரிவில் தள்ளுவேன். எஞ்சின் பிடித்துவிட்டால் அப்பா நிறுத்தமாட்டார், நிறுத்தினால் அணைந்துவிடும். முனை திரும்பியதும் ஒரு ஹார்ன் அடிப்பார். ஓடுகிறது என்று அர்த்தம். அதைக் கேட்டதும் நான் நடுச்சாலையில் குதிப்பேன். இன்று காலை மழையில் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆம்புலன்ஸ் மலையேறி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அவளைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தோம். "இன்னிக்காவது உங்க வெள்ளைக்காரி கிளம்புவாளா?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள். "பேசாதே, சௌந்தரி" என்ற அப்பா என்னைப் பார்த்துக் கத்தினார்: "தள்ளுடி தங்கம், நல்லா தள்ளு!" கால் வழுக்க வழுக்கத் தள்ளினேன். எஞ்சின் உறுமியது. கார் என் உள்ளங்கைகளை விட்டுப் பாய்ந்தது. அம்மா திரும்பி என் பக்கம் கை நீட்டினாள். அப்பா நிறுத்தவில்லை. முனையில் பச்சை நிறம் மறைந்தது. பிறகு சத்தமும் இல்லை. தூரம் போய்விட்டதா, நின்றுவிட்டதா, தெரியவில்லை. ஹார்ன் வரவில்லை. ஓடத் தொடங்கினேன். என் கைகள் இன்னும் காரைத் தள்ளுவதுபோலவே முன்னால் நீண்டிருந்தன.