காலில் கட்டிய மிதவை

கடலுக்கு நடுவே இருக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடும் ஹெலிகாப்டர் ஒன்று இருந்தது. அதன் தலையில் சுழலும் விசிறிக்கு, காலில் மடித்துக் கட்டியிருந்த ரப்பர் மிதவையைக் கண்டாலே ஆகாது.

"சும்மா தொங்கிக்கிட்டே ஊர் சுத்தறே. உன்னையும் நான்தான் சுமக்கணும்!" என்று தினமும் குத்திக்காட்டும்.

"எனக்கு வேலை வராம இருக்கிறவரைக்கும் உனக்கு நல்லதுதானே?" என்று மிதவை சொல்லிப் பார்க்கும். விசிறி போடும் இரைச்சலில் அது யார் காதிலும் விழாது. ஒருமுறையாவது உப்பிக் காட்டிவிடலாமா என்று மிதவைக்கு ஆத்திரமாக வரும். பறக்கும்போது உப்பினால் வண்டியே தடுமாறிப் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு மடிப்புக்குள்ளேயே கிடந்தது.

ஒரு மத்தியானம், நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டது. விசிறி காற்றைப் பிடித்துக்கொண்டு தன்னாலானமட்டும் சுழன்று, வண்டியை மெல்லக் கீழே கொண்டுவந்தது. தண்ணீரைத் தொடும் நேரத்தில் விமானி ஒரு பொத்தானை அழுத்த, மிதவை புஸ்ஸென்று உப்பியது. வண்டி மூழ்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வண்டியில் வைத்திருந்த ரப்பர் படகை இறக்கி, அதில் ஏறிக்கொண்டார்கள். தூரத்தில் மீட்புக் கப்பலும் தெரிந்தது.

விசிறி நின்றுபோயிருந்தது. அதன் குரல் இப்போதுதான் தணிந்து வந்தது.

"நான் ரொம்பக் கனமா இருக்கேனா?"

திருப்பிக் கொடுக்க மிதவையிடம் எத்தனையோ இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் காற்று போய்விடுமே! மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த அலை வந்தபோது விசிறியை நனையாமல் தூக்கிக் காட்டியது.