சிங்கம் பார்க்கப் போனவள்

முதல் குத்து சிங்கத்தின் மூஞ்சியில்தான் விழுந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள் வாயைப் பிளந்துகொண்டிருந்த ஆபிரிக்கச் சிங்கம் சுவரிலிருந்து கழன்று யோகலிங்கத்தின் மேசையில் விழுந்து நொறுங்கியது.

"எங்கையடா என்ர மனிசி?"

லண்டனில், பார்க்கிங் என்னும் ஊரின் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் டிராவல்ஸ் கடை வைத்திருக்கும் யோகலிங்கத்திடம் எத்தனையோ பேர் கத்தியிருக்கிறார்கள், பிளைட் பிந்தியதற்கும் பெட்டி தொலைந்ததற்கும். கையில் இரத்தம் வழிய வழிய நின்று கத்தியவன் தேவராசா ஒருவன்தான். மத்தியான நேரம். கடையில் அவரையும், அவரிடம் வேலை செய்யும் அன்பரசியையும் தவிர வேறு யாரும் இல்லை.

தேவராசா கசங்கிய விளம்பரத் தாள் ஒன்றை மேசையில் அறைந்தான். ஆபிரிக்காவில் தார் எஸ் சலாம் நகரத்துக் கடற்கரை, வெள்ளை மணல், கீழே மிகுமிக் காட்டில் சிங்கம் பார்க்க ஜீப் பயணம். ஓரத்தில் யோகலிங்கத்தின் கடைப் பெயர்.

"மெத்தைக்குக் கீழ கிடந்தது. பிள்ளையைத் தூக்க வருவாள் எண்டு நான் பள்ளிக்கூட வாசலிலயே காவல் கிடக்கிறன். அவள் பெத்த பிள்ளையையும் விட்டிட்டுக் கடல் குளிக்கப் போட்டாளோ?"

தேவராசாவின் மனைவி சிவமலருக்கு டிக்கெட் போட்டது யோகலிங்கமேதான். அன்பரசிதான் போன கிழமை அவளைக் கூட்டி வந்தாள். வெயிலிலும் கழுத்துச் சால்வையைக் கழற்றாமல் இருந்து, "சிங்கம் ஜீப்புக்குக் கிட்ட வருமோ அண்ணை?" என்று கேட்டாள் சிவமலர். சால்வைக்குள் என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது செய்யவேண்டி வரும்.

"அப்பிடி ஒருத்தரும் இங்க வரேல்லை," என்றாள் அன்பரசி.

தேவராசா அவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து முகத்தை மேசையில் அடித்தான். மூக்கிலிருந்து இரத்தம் விசைப்பலகை முழுக்கத் தெறித்தது. யோகலிங்கம் போனை நோக்கிக் கையை நீட்டினார். தேவராசாவின் சப்பாத்துக் கால் அவர் வயிற்றில் இறங்கியது. கதிரையோடு சாய்ந்து விழுந்தார்.

"சொல்லடி."

"தெரியாது."

மறுபடியும் அடித்தான். இந்தத் தடவை பல் ஒன்று உடைந்த சத்தம் யோகலிங்கத்துக்குக் கேட்டது.

"சொல்லடி."

"தெரியாது எண்டால் தெரியாது."

தேவராசா சிங்கத்தின் கண்ணாடியில் நீளமான துண்டாகப் பார்த்து எடுத்தான். அதை அவள் கண்ணுக்குக் கீழே வைத்து, மெல்ல அழுத்தினான். தோல் கிழிந்து இரத்தம் கோடாக இறங்கியது. அன்பரசி வாயைத் திறக்கவில்லை.

"தார் எஸ் சலாம்தான்," என்று தரையிலிருந்து அலறினார் யோகலிங்கம். "கடற்கரை ஹோட்டல். அங்கயிருந்து மிகுமிக்குப் போவா. இவளை விடு ராசா, நான்தான் டிக்கெட் போட்டனான்."

"அண்ணை, வேண்டாம்," என்றாள் அன்பரசி. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஹோட்டல் பெயரையும் சொன்னார்.

தேவராசா கண்ணாடித் துண்டைக் கீழே போட்டான். கோபமெல்லாம் வடிந்து ஏதோ தெளிவு வந்தவன்போல் இருந்தான். அது இன்னும் பயமாக இருந்தது. ஜாக்கெட்டிலிருந்து பாஸ்போட்டை எடுத்து எறிந்தான்.

"இண்டைக்கே எனக்கும் ஒண்டு போடு. காட்டுக்குள்ள ஒருத்தி காணாமல் போனால் சிங்கத்தைத்தான் சந்தேகப்படுவினம், என்னை இல்லை."

யோகலிங்கத்தின் விரல்கள் இரத்தம் பிசுபிசுத்த எழுத்துகளில் வழுக்கின. பின்னேரப் பிளைட் ஒன்றில் இடம் இருந்தது. தேவராசா தங்கச்சிக்குப் போன் எடுத்து, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையைப் போய்க் கூட்டிக்கொள்ளச் சொன்னான். டாக்சியை வாசலுக்கே அழைத்தான். போகும்போது, "பொலிசுக்குச் சொன்னால் வந்து ரெண்டு பேரையும் எரிப்பன்," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

டாக்சி திரும்பி மறைந்தது. யோகலிங்கம் தரையில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அவளுக்குப் போன் அடி பிள்ளை. ஹோட்டலை விட்டு ஓடச் சொல்லு. நான் அவளைக் கொன்று போட்டன். என்ர வாயாலயே கொன்று போட்டன்."

அன்பரசி ஏற்கெனவே போனில் இருந்தாள். வாயில் இரத்தம் நிறைந்திருந்ததால் சொற்கள் குழறின.

"ஹீத்ரோ எயாப்போட்டுக்கு வெளிக்கிட்டிட்டார் அக்கா. தங்கச்சிக்காரி வர முதல் பள்ளிக்கூடத்துக்குள்ள போய்ப் பிள்ளையைக் கூட்டுங்கோ. நீங்கள் பிள்ளையோட காருக்குள்ள ஏறினதும் பொலிசுக்கு நான் சொல்லுறன், பிளேன் ஏற முதல் பிடிக்கட்டும்."

யோகலிங்கம் கையை முகத்திலிருந்து எடுத்தார். "எந்தப் பள்ளிக்கூடம்? அவள் ஆபிரிக்காவில எல்லோ?"

"அவ போகவே இல்லை அண்ணை. என்ர வீட்டிலதான் இருந்தவ. அவனை அந்த வாசலிலயிருந்து கிளப்ப எங்களுக்கு வேற வழி தெரியேல்லை."

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே பிள்ளை. செத்தாலும் வாயைத் திறந்திருக்கமாட்டன்."

அன்பரசி உடைந்த பல்லைக் கைக்குட்டையில் துப்பினாள்.

"நீங்கள் சொல்லிப்போடுவியள் எண்டுதான் அண்ணை நாங்கள் நம்பி இருந்தனாங்கள்."