வளைவில் திரும்பாத விளக்கு

“வளைவுல கார் திரும்புது, ஹெட்லைட் திரும்ப மாட்டேங்குது. மறுபடியும் அதே ரிப்பேர்தாம்மா” என்றார் பெரியவர்.

மெக்கானிக் பெண் பானெட்டைத் திறந்தாள். விளக்கைத் திருப்பும் மோட்டாரின் ஒயர் கழன்று தொங்கியது. போன மாதமும் இப்படித்தான்.

“கிளிப் போட்ட ஒயர் சார். தானா கழலாது.”

“எலி கிலி இழுத்திருக்கும்.”

கிளிப்பை அழுத்தித் திறக்கிற எலி எந்த ஊரில் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. ஒயரை மாட்டினாள்.

“சீட்ல உட்காருங்க. ஓட்டுறவர் எடையோடதான் லைட் உயரத்தைச் சரி பார்க்கணும்.”

உட்கார்ந்தார். அவர் ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப, எதிர்ச்சுவரில் வெளிச்சமும் கூடவே திரும்பியது. அவர் சுவரைப் பார்க்கவே இல்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரலில் புதுக் கீறல்.

அவர் இறங்கியதும் சாவியை எடுத்து நீட்டினாள். “அடுத்த தடவை ஒயரைப் பிடுங்கிக் கையைக் கிழிச்சுக்காதீங்க அப்பா. ரிப்பேர்னு சொன்னாலே போதும், நம்பிடறேன். இல்லேன்னா வீட்டுக்கே வரலாமே?”

பெரியவர் சாவியை வாங்காமல் நின்றார்.

“உன் கல்யாணத்தன்னிக்கு, உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு எல்லார் முன்னாலயும் சத்தியம் பண்ணித் தொலைச்சுட்டேனே. ஒர்க்‌ஷாப்பைப் பத்தி ஒண்ணும் சொல்லலையேம்மா!”